பொருள்: ஸ்டேஜ் 2 கிட் – ஐந்தாவது புகார், இதுவே கடைசி

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் ஆர்டர் விவரமெல்லாம் உங்களிடம் இருக்கிறது. நான்கு முறை அனுப்பியாயிற்று, இன்னொரு முறை தட்டச்ச எனக்குத் தெம்பில்லை. நீங்கள் மாட்டிக் கொடுத்த ஸ்டேஜ் 2 பற்றித்தான். அதில் என்னென்ன இருக்கிறது என்று உங்களுக்கே நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும் 'மேப்' என்கிற கட்டளைத் தொகுப்பை மாற்றி எழுதும் ரீமேப், கூடவே டர்போவின் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) மிச்சக் காற்றை வெளியே விடும் ஒரு புது வால்வு.

நாலாவது கியரில் 3,000 ஆர்பிஎம் வாக்கில் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தால் முள் மட்டும் விர்ரென்று 4,500-க்கு ஏறுகிறது, வண்டி நகர்வேனா என்கிறது. கூடவே தீய்ந்த வாடை. கிளட்ச் நழுவுகிறது என்று சொல்ல மெக்கானிக் வேண்டாம், மூக்கு இருந்தால் போதும். டார்க்கை, அதாவது இன்ஜினின் சுழற்று விசையை, இவ்வளவு ஏற்றினால் கம்பெனி கிளட்ச் தாங்குமா என்று பணம் கட்டும் முன்பே கேட்டேன். "ஸ்போர்ட் மாடல்ல கிளட்சே வேற சார், கண்ண மூடிட்டுப் போடலாம்" என்றார் உங்கள் விற்பனையாளர். கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டிருக்கிறார்கள்.

இதைச் சொல்லத்தான் உங்கள் உதவி எண்ணுக்கு அழைத்தேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்த பிறகு எடுத்தவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஸ்போர்ட்டி வண்டி எல்லாருக்கும் செட் ஆகாது சார். பேசாம ஆட்டோமேட்டிக் வாங்கியிருக்கலாமே." நான் பதினெட்டு வருஷமாகக் கியர் வண்டி ஓட்டுகிறவன். பெயர் கேட்டேன், வைத்துவிட்டார். உங்கள் அழைப்புகள் பதிவு செய்யப்படுவதாகச் சொல்கிறீர்கள் அல்லவா, தயவுசெய்து ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.

அடுத்து வால்வு. கியர் மாற்றக் காலை எடுத்தால் 'உஸ்ஸ்' என்கிறது. முதல் இரண்டு நாள் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் என் காரில் காற்றை ஏர்ஃப்ளோ சென்சார் அளந்த பிறகுதான் அது டர்போவுக்கே போகிறது. அளந்த காற்றை உங்கள் வால்வு வெளியே ஊதிவிடுகிறது. காற்று உள்ளேதான் இருக்கிறது என்று நம்பி கம்ப்யூட்டர் அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றுகிறது. அதனால்தான் ஒவ்வொரு கியருக்கும் குலுக்கல், சைலன்சர் வாயில் விரலை வைத்தால் மை மாதிரி கரி. பழைய வால்வு அந்தக் காற்றை டர்போவின் வாய்க்கே திருப்பிவிடும். இதை ஒரு வாடிக்கையாளன் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது! அந்தப் பழைய வால்வையும் கழற்றியவர்களே வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது முறை வந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும், காலை எட்டு மணிக்கு வாருங்கள் என்றீர்கள், என்னவோ வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை போல. 140 கிலோமீட்டர் ஓட்டி வருகிறவனின் இன்ஜின் எப்படிக் குளிர்ந்திருக்கும் என்று கேட்கவில்லை, வந்தேன். இன்ஜின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் லேப்டாப் இருந்தது, அதன் பாஸ்வேர்டு தெரிந்தவர் விடுப்பில். மாலை நான்கு வரை ஒரு டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது ஒரு பையன் ஓடிவந்து 'ஸ்டேஜ் 2' என்று சிவப்பில் எழுதிய ஸ்டிக்கர் ஒன்றைக் கொடுத்தான். அவன்மேல் கோபமில்லை, அங்கே மரியாதையாகப் பேசியவன் அவன் ஒருவன்தான்.

டைனோ ஷீட்டை, அதாவது இன்ஜினின் திறனை அளந்து நீங்கள் கொடுத்த வரைபடத்தை, சொல்ல மறந்துவிட்டேன். குதிரைத்திறன் கோடும் டார்க் கோடும் சரியாக 5,252 ஆர்பிஎம்மில் வெட்டிக்கொள்கின்றன. டார்க்கைப் பவுண்ட்-அடிக் கணக்கில் போட்டால் அப்படித்தான் வெட்ட வேண்டும், ஆக இயந்திரத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் கோடு 7,400 வரை ஓடுகிறது. என் கார் 6,500-லேயே பெட்ரோலை நிறுத்திவிடும். ரீமேப்பில் அந்த வரம்பைத் தொடவில்லை என்று உங்கள் ஆளே எழுதிக் கொடுத்திருக்கிறார். மீதி 900 சுற்று எங்கிருந்து வந்தது? யாரோ ஒரு புண்ணியவானின் காரை ஓட்டி, தலைப்பில் என் பெயரைப் பேனாவால் எழுதியிருக்கிறீர்கள்.

போன வாரம் மேட்டில் என் மச்சானின் சாதா மாடல், டர்போகூட இல்லாதது, என்னைத் தாண்டிப் போனது. ஹார்ன் வேறு அடித்தான். பத்து வருஷ உழைப்பு, தூக்கம், வீட்டில் எனக்கிருந்த மரியாதை எல்லாம் அந்த மேட்டிலேயே போயிற்று. இதற்கு என்ன விலை போடுவீர்கள்? ஆட்டோமேட்டிக் வாங்கியிருக்கலாமாம்!

மன்னிக்கவும். நிதானமாகவே கேட்கிறேன். கம்பெனி மேப்பைத் திரும்ப ஏற்றிக் கொடுங்கள். 'சேவ் பண்ணல சார்' என்ற பதில் வேண்டாம், எழுதுவதற்கு முன் பழையதைப் படித்து வைப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். என் வால்வு வேண்டும். தேய்ந்த கிளட்சை உங்கள் செலவில் மாற்ற வேண்டும். கட்டிய தொகை முழுவதும் வேண்டும். போனில் பேசியவர் ஒரு வரி வருத்தம் தெரிவித்தால் அதையும் வாங்கிக்கொள்வேன்.

நல்லபடியாக முடித்துக்கொள்ளவே விருப்பம். 15 நாளில் பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், அந்த டைனோ ஷீட்டோடு நுகர்வோர் நீதிமன்றத்தில் சந்திப்போம்.

இப்படிக்கு,
உங்கள் (இன்றுவரை) வாடிக்கையாளர்

பி.கு: ஸ்டிக்கரை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்னும் உரிக்கவில்லை.