அறைதான் கத்தியது, மச்சான்

கோண்டாவில்,
வைகாசி மாதம்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று கேட்க நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். வெக்கைதான் தாங்கேலாது. மாமரத்துக்குக் கீழே கிடக்கிற சாய்மனைக் கதிரைகூடச் சுடுகிறது.

மகன் கொண்டுவந்த ஸ்பீக்கர் சோடி எப்படி என்று கேட்டிருந்தாய். முதல் கிழமை அதைக் கண்ணில் காட்டக் கூடாது என்றிருந்தது. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைப் போட்டால் வலந்தலைத் தோலில் விழுகிற, விரலில் மாட்டின கூடுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு தெளிவு. ஆனால் பத்து நிமிசத்தில் காது கூசும். மற்றப் பக்கமான தொப்பியில் கம்பு விழும்போது நெஞ்சுக்குள் 'கும்' என்று ஒன்று இறங்க வேணுமே, அது இல்லவே இல்லை. நாதஸ்வரம் மேல் சட்ஜத்தைத் தொட்டால் மனிசி குசினியிலிருந்து, "உதை ஒருக்கா நிப்பாட்டுங்கோ" என்பாள்.

எனக்குத் தெரிந்த ரேடியோ திருத்துகிறவர் ஒருவர், வால்வு அம்பிளிபயர், அதுதான் பழைய ரேடியோவில் எரியுமே அந்தக் கண்ணாடிக் குழாய் வைத்தது, அதைப் போட்டால் சரிவரும் என்றார். அதில் ஒரு நியாயம் இருக்கு. வால்வு செய்கிற பிழை பெரும்பாலும் இரண்டாம் ஹார்மோனிக். அதாவது ஒவ்வொரு சுரத்தோடும் அதன் மேல் ஸ்தாயிச் சுரம் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். சட்ஜத்தோடு மேல் சட்ஜம் சேர்ந்தால் காதுக்கு அது பிழையாகத் தெரியாது, நிறைவாகத்தான் தெரியும். ஆனால் எல்லாக் கறிக்கும் கட்டிப்பால் விட்டால் எந்தக் கறி எது என்று எப்படித் தெரியும்? நான் மறுத்துவிட்டேன்.

பிறகுதான் ஹோலை வடிவாகப் பார்த்தேன். சீமெந்து நிலம், வெறும் சுவர், நடுவில் நாலு கதிரை. கை தட்டிப் பார்த்தால் சத்தம் 'ட்ரிங்' என்று திரும்பி வருகிறது. பெட்டி என்ன பாவம் செய்தது! பேரனிடம் முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொடுத்துப் பக்கச் சுவரோடு நகர்த்தச் சொல்லிவிட்டு நான் கதிரையில் இருந்தேன். கண்ணாடியில் எந்த இடத்தில் ட்வீட்டர், அதுதான் பெட்டியில் கீச்சுச் சத்தம் தருகிற சின்ன ஸ்பீக்கர், தெரிகிறதோ, அந்த இடத்தில் பட்டுத்தான் சத்தம் என் காதுக்குத் தெறிக்கிறது. அங்கே புத்தக அலுமாரியை நகர்த்தினேன். முன்னால் நிலத்தில் இரண்டு பாயும் மேலே ஒரு பழைய ஜமுக்காளமும். பெட்டி இரண்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. என்னை விட்டுக் கொஞ்சம் நேர் முன்னுக்குப் பார்க்கத் திருப்பினேன், சீறல் பாதி அடங்கியது.

ஆசை விடுமா? யன்னல் எல்லாத்துக்கும் தடித்த சீலை தொங்கவிட்டேன், பெட்டிகளைச் சுவரோடு ஒட்டி வைத்தேன். பின்சுவர் தாழ்ந்த சுருதிச் சத்தத்தை 6 டெசிபல் வரைக்கும் தூக்கும். 'கும்' வந்தது, ஆனால் விரல்கூடு செத்துப்போச்சு. தவில்காரர் தலையணையில் அடிக்கிற மாதிரி. சீலைகளைக் கழற்றி, பெட்டிகளை அங்குலம் அங்குலமாக முன்னுக்கு இழுத்தேன். ஒன்றரை அடியில் இரண்டும் கேட்டது. சோக்கட்டியால் நிலத்தில் கோடு போட்டிருக்கிறேன். கூட்டுகிற மனிசி அதைத் துடைக்காமல் இருக்க வேணும்.

வெள்ளைக்காரன் இந்த நிறைவை 'வாம்', அதாவது இளஞ்சூடு, என்கிறானாம். இந்த வெக்கையில் அது பாராட்டா? நாங்கள் குளிர்மையான குரல் என்றுதானே சொல்லுவம்.

சிரிப்பு என்னவென்றால், தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் பாட்டுக் கேட்ட ஆக்கள் நாங்கள். நீ பெடலைக் கையால் சுற்றுவாய், நீ களைத்தால் பாட்டுக்காரருக்கும் மூச்சு வாங்கும். இப்ப எனக்குச் சீறல் கூடிப்போச்சாம்!

உன் வீட்டில் பலகை நிலமும் ஜிப்சம் சுவரும் என்று எழுதியிருந்தாய். அந்தச் சுவர் அதிர்ந்து 'கும்'மைக் கொஞ்சம் குடித்துவிடும், சீமெந்து அப்படியே திருப்பி எறியும். அதால் நான் பட்ட பாட்டை நீ படத் தேவையில்லை. பெட்டியைச் சுவருக்குக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வருவாய்தானே? வரும்போது எங்கள் கோயில் திருவிழாவில் நீ பதிந்த அந்தத் தவில் கசற்றைக் கொண்டு வா. பார்சலில் போடாதே, கையோடு கொண்டு வா. நாடா ஒட்டிப்போயிருந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய மச்சான்