கிரீன் டீயில் பால் ஊற்றலாமா?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லாருக்கும் சந்தோஷம். அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். எனக்கு மூட்டுவலி பரவாயில்லை, படியேறும்போதுதான் வம்பு செய்கிறது.

கடிதத்தில் பாதியைக் கிரீன் டீக்கே கொடுத்துவிட்டாய்! வெறுமனே குடித்தால் தொண்டையில் இறங்கவில்லை, பால் ஊற்றினால் பலன் போய்விடும் என்கிறார்கள், என்ன செய்ய என்று கேட்டிருக்கிறாய். நானும் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

அப்படிச் சொல்பவர்கள் சும்மா சொல்லவில்லை. பாலிலுள்ள கேசீன் என்ற புரதம், தேயிலையிலுள்ள கேட்டச்சின்களோடு ஒட்டிக்கொள்ளும். கிரீன் டீயின் பலனுக்குக் காரணம் என்று சொல்வது இந்தக் கேட்டச்சின்களைத்தான். பால் ஊற்றியதும் துவர்ப்பு அடங்குவது அதனால்தான். எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துத் துவர்ப்பைத் தர வேண்டிய கேட்டச்சின், பால் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் கோப்பையில் ஒட்டியது வயிற்றுக்குள் போன பிறகும் ஒட்டியே இருக்குமா? புரதத்தை உடைப்பதுதானே வயிற்றின் வேலை.

ஆராய்ச்சிகளும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. 2007இல் பெர்லினில் 16 பெண்களை வைத்துப் பார்த்தார்கள். பிளாக் டீ குடித்தபோது ரத்தக்குழாய் நன்றாக விரிந்தது. அதிலேயே கொழுப்பு நீக்கிய பாலைப் பத்து சதவீத அளவுக்குச் சேர்த்ததும் அந்தப் பலன் காணாமல் போனது. இதைத்தான் எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். 1998இல் வந்த இன்னோர் ஆய்வில், பால் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் ரத்தத்தில் ஏறிய கேட்டச்சின் அளவு மாறவில்லை. அதைச் செய்தவர்கள் தேயிலை விற்கும் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் என்பதையும் நினைவில் வை. இந்த இரண்டிலுமே பால் கலந்தது பிளாக் டீயில்தான். ஆய்வுக்கூடத்தில் செரிமானத்தைப் போலவே செய்து பார்த்த ஒரு சோதனையில் கிரீன் டீயைப் பார்த்தார்கள். தனியாக விட்டால் கேட்டச்சினில் இருபது சதவீதம்கூட மிஞ்சவில்லை. பால் சேர்த்தபோது பாதிக்கு மேல் மிஞ்சியது. எலுமிச்சை மாதிரிச் சாறுகள் அதையும் தாண்டிவிட்டன. சோதனைக் குழாய்க்குள் நடந்தது உடம்புக்குள்ளும் நடக்கும் என்று சொல்ல முடியாது, ஆனாலும் சுவையான முடிவு.

என்னைக் கேட்டால், பாலால் கொஞ்சம் குறைந்தாலும் குறையலாம், மொத்தமும் போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை. உன் தொப்பைக்காகத்தான் இவ்வளவு பாடு என்றால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. கிரீன் டீயால் எடை குறைகிறதா என்று பல ஆய்வுகளைத் திரட்டி 2012இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு பார்த்தது. சொல்லிக்கொள்ளும்படி எதுவும் குறையவில்லை. அப்படியிருக்க, பாலோடு இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்டுக் குடித்துவிட்டு கேட்டச்சின் எங்கே போயிற்று என்று தேடுவதில் அர்த்தமில்லை. பாலும் சர்க்கரையும் வேண்டுமென்றால் பேசாமல் நம் பழைய டீயையே குடி. அதன் ருசியாவது கிடைக்கும்.

தொண்டையில் இறங்காததற்கு நீ போடும் விதமும் காரணமாக இருக்கலாம். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதே. கொதித்ததை இறக்கிச் சற்று ஆறவிட்டு, எழுபது எண்பது டிகிரிக்கு வந்ததும் இலையைப் போட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் வடித்துவிடு. கசப்பு குறையும். கேட்டச்சினும் சற்றுக் குறைவாகத்தான் இறங்கும், கசப்பில் ஒரு பங்கு அதனுடையதுதானே. பாதகமில்லை, குடிக்க முடிகிற டீதான் நல்ல டீ. நாலு சொட்டு எலுமிச்சையும் பிழிந்து பார்.

தங்கச்சிக்கு ரத்தசோகை என்று எழுதியிருந்தாயே, பாலைவிட எனக்கு அதுதான் கவலை. சாப்பாட்டோடு டீ குடித்தால், அது எந்த டீயாக இருந்தாலும், உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் டீயோடு விழுங்க வேண்டாம் என்று சொல். அடுத்த பரிசோதனை எப்போது? முடிவு வந்ததும் எழுது.

அன்புடன்,
ராமு