ஹார்ட்ஃபோர்டிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

மீனா எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கும் அம்மா சுகத்துக்கும் எழுதவும். பொங்கல் கழிந்து நீங்கள் போட்ட கடிதம் நேற்று வந்தது. போனில் எவ்வளவு பேசினாலும் உங்கள் கையெழுத்தைப் பார்ப்பதுபோல் வராது. பேரன் கண்ணன் என்ன படிக்கிறான் என்று கேட்டிருந்தீர்கள்.

இங்கே குளிர் கடுமை. வாசலில் பனி முழங்கால் உயரம் கிடக்கிறது. ராத்திரி ஹீட்டரைக் குறைத்து வைத்துவிட்டு எல்லோரும் ஒரே அறையில் படுத்துக்கொள்கிறோம். பிள்ளைகளுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. இவருக்கு வேலை மாறுகிற நேரம். அதனால் பகலில் வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, இந்தக் குளிரிலும் அரைக்கைச் சட்டையோடு நின்று பனி அள்ளுகிறவர். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவர். அம்மா கொடுத்துவிட்ட எலுமிச்சை ஊறுகாயை ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிறார்! கண்ணனுக்குப் பிள்ளைகள் புத்தகமாகப் பார்த்து ஒரு பையில் போட்டு எங்கள் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார், மணிகூட அடிக்க மாட்டார். பாதி மார்க் ட்வைன் கதைகள், பாதி அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போர்.

வேலிக்கு வெள்ளையடிக்கும் டாம் கதையைத் திண்ணையில் உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டினீர்களே, அந்த ட்வைன் 1874 முதல் 1891 வரை இந்த ஊரில்தான் குடியிருந்தார். இருபத்தைந்து அறைகள், சிவப்புச் செங்கல் வீடு. பக்கத்து மனையில் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' என்ற அடிமைகள் கதையை எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோ. நாங்கள் போய் வெளியே நின்று பார்த்தோம். உள்ளே போக டிக்கெட் உண்டு, அம்மாவும் நீங்களும் வரும்போது சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டோம்.

1861இல் அந்த உள்நாட்டுப் போர் வந்து ஆற்றில் படகு நின்றுபோனதும், படகோட்டியாக இருந்த ட்வைன் தெற்கத்தியர் பக்கம் ஒரு சிறு படையில் சேர்ந்து, இரண்டு வாரம்போல் இருந்துவிட்டு விலகிப்போனார். முன்பின் தெரியாத ஒருவனை இருட்டில் எல்லோரும் சேர்ந்து சுட்டதாகப் பின்னாளில் எழுதினார். எதிர்ப்பக்கத்துத் தளபதி கிராண்ட் கையில் காசில்லாமல், தொண்டைப் புற்றுநோயோடு, குடும்பத்துக்காகத் தன் நினைவுகளை எழுதியபோது அதை அச்சிட்டு விற்றதும் இதே ட்வைன்தான். எழுதி முடித்த சில நாளில் கிராண்ட் இறந்துபோனார். அவர் மனைவிக்கு நாலு லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது.

ஆறு லட்சம் பேருக்கு மேல் செத்த போர் அது. முரசடிக்கப் போன பன்னிரண்டு வயதுப் பையன்களைப் பற்றியும் பிள்ளைகள் புத்தகத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். அப்படித்தான் எழுத வேண்டும் அப்பா. "என் வயசுதானே இவங்களுக்கும்" என்று கண்ணன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ட்வைனின் மூத்த மகள் சூசி பதின்மூன்று வயதில் தன் அப்பாவின் கதையை நோட்டில் எழுதினாள். அவளுடைய எழுத்துப் பிழைகளைக்கூட அவர் திருத்தவில்லை. அச்சுக்கோர்க்கும் இயந்திரம் ஒன்றில் பணத்தைக் கொட்டிக் கடனாளியாகி, கடனை அடைக்க ஊர் ஊராகப் பேசப் போனார். பம்பாய், கல்கத்தா, கொழும்பு எல்லாம் வந்திருக்கிறார். அந்தப் பயணம் முடிந்து இங்கிலாந்தில் இருந்தபோது, 1896 ஆகஸ்டில், சூசி மூளைக்காய்ச்சலில் இதே வீட்டில் போய்விட்டாள். தாய் அவளைப் பார்க்கக் கப்பலில் வந்துகொண்டிருந்தாள். தகப்பனுக்குத் தந்திதான் போனது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் இங்கே குடியிருக்கவே இல்லை. இதைக் கண்ணனுக்குப் படித்துச் சொல்லும்போது குரல் வரவில்லை அப்பா. அப்பத்தா போனபோது நானும் இங்கேதானே இருந்தேன். நம் வீட்டு முற்றத்தில் ஒரு நாள், ஒரே நாள், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்தால் போதும் என்றிருக்கிறது.

"நம்ம வீட்ல யாராவது போரைப் பாத்திருக்காங்களா" என்று கேட்டான். ஐயா ரங்கூன் அரிசி ஆலையில் இருந்ததையும், 1941 டிசம்பரில் குண்டு விழுந்ததையும், பர்மா எல்லையிலுள்ள தமு வழியாக இம்பாலுக்கு நடந்தே வந்ததையும் சொன்னேன். யாரோடு வந்தார், வழியில் என்ன சாப்பிட்டார் என்று கேட்கிறான், எனக்குத் தெரியவில்லை. ஐயா உங்களிடம்தான் சொல்லியிருப்பார். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எழுதுங்கள் அப்பா. பிள்ளைக்குத்தானே என்று எதையும் விட்டுவிடாதீர்கள்.

இந்த மாதப் பணம் பங்குனிக்குள் வந்துவிடும், வங்கியில் கொஞ்சம் தாமதம். அம்மா மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம். தோப்புக் குத்தகையைப் பழைய ஆளுக்கே விடுங்கள், மரத்தைப் பார்த்துக்கொள்வார். தம்பிக்குப் பார்த்த தேவகோட்டைப் பெண் வீட்டார் என்ன சொன்னார்கள்? ஜாதகத்தைக் காட்டி இழுத்தடிக்க வேண்டாம், படித்த பெண், நல்ல குடும்பம். சித்தப்பா கிணற்றுப் பங்கை எழுதிக் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வில்லங்கம் போட்டுப் பார்த்து, வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பட்டா இன்னும் ஐயா பெயரில்தான் இருக்கிறது, முதலில் அதை மாற்ற வேண்டும். அதற்கு வாரிசுச் சான்றிதழ் கேட்பார்கள். அத்தையிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

அன்பு மகள்,
மீனா