ஒரே நாளில் காலிறுதியும் அரையிறுதியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வட்டார கிளப் கால்பந்துப் போட்டியின் காலிறுதியும் அரையிறுதியும் ஒரே ஞாயிற்றுக்கிழமை நடத்தப்படும் என்ற செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். கிருஷ்ணகிரி வெயிலை அறிந்தவர்கள் போட்ட அட்டவணையாகத் தெரியவில்லை. நாக் அவுட் ஆட்டம் 90 நிமிடத்தோடு முடியும் என்பதற்கு உறுதியில்லை. சமனில் நின்றால் கூடுதலாக 30 நிமிடம், அதற்கும் மேல் பெனால்டி. அதே கால்களோடு மாலையில் மறுபடியும் இறங்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில் எங்கள் அணியும் இப்படித்தான் ஆடியது. காலையில் பெனால்டியில் வென்றோம். மாலை ஆட்டத்தின் இடைவேளைக்குள் எங்கள் தடுப்பாட்டக்காரர்கள் இருவர் தசைப்பிடிப்பால் வெளியேறினர். மாற்று ஆள் ஒருவர்தான், அவரும் கோல்கீப்பர்! நான்கு கோல் வாங்கித் தோற்றோம்.

மைதானமும் நடுவர்களும் ஒரு நாளைக்குத்தான் கிடைக்கும் என்று அமைப்பாளர்கள் சொல்லக்கூடும். அப்படியானால் அரையிறுதியை அடுத்த ஞாயிறன்று இறுதிப் போட்டிக்கு ஒதுக்கிய மைதானத்தில் நடத்தி, இறுதிப் போட்டியை ஒரு வாரம் தள்ளி வைக்கலாம். ஒவ்வொரு பாதியிலும் வீரர்கள் தண்ணீர் குடிக்க ஒரு நிமிடம் நிறுத்த கால்பந்தின் பொது விதியிலேயே இடமுண்டு. அதையும் போட்டி விதிமுறையில் சேர்க்க வேண்டும்.

– முன்னாள் கால்பந்து வீரர், காவேரிப்பட்டணம்