துக்க வீட்டில் எதைச் சொல்வது, எதை விடுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

சாவு விழுந்த வீட்டுக்கும் கடும் நோய் வருத்தம் வந்த வீட்டுக்கும் விசுவாசத்தின் பேரில் ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் குறைவில்லை. போகிற மனம் நல்ல மனம். ஆனால் அங்கே சொல்லப்படும் சில வார்த்தைகள் நொந்தவர்களை ஆண்டவரிடமிருந்தே விலக்கிவிடுகின்றன. ஆகவேதான் இதை எழுதுகிறோம்.

"எல்லாம் அவருடைய சித்தம், அழாதேங்கோ" என்பது அவற்றில் முதலாவது. வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. 13ஆம் சங்கீதத்தில் மொத்தம் 6 வசனங்கள். முதல் இரண்டிலும் 'எதுவரைக்கும்' என்ற கேள்வி நான்கு தடவை வருகிறது. அடுத்த இரண்டில் விண்ணப்பம். நம்பிக்கை கடைசி இரண்டில்தான் வருகிறது. முறைப்பாட்டைத் தாண்டிக் குதித்து நேரே நம்பிக்கைக்கு ஒருவரை இழுத்துப்போக முடியாது. 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது; அதுவும் ஜெபம்தான். துக்க வீட்டில் எல்லோரும் ஆண்டவரை மேய்ப்பராகப் பாடும் 23ஆம் சங்கீதத்தைத்தான் திறக்கிறார்கள். முதல் கிழமையில் 13 பொருத்தம் என்பது எங்கள் எண்ணம். மெதுவாக, வசனத்துக்கு வசனம் நிறுத்தி வாசியுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர் தன்னுடைய 'எதுவரைக்கும்' எதுவென்று தானாகவே சொல்லத் தொடங்குவார். அந்த நேரத்தில் குறுக்கே விளக்கம் சொல்ல வேண்டாம். தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் பாடி மாதாவோடு அழுகிற ஊர் இது. சொந்தப் பிள்ளைக்காக அழுகிற தாயிடம் மட்டும் விசுவாசக் குறைவைக் காண்பது எந்த நியாயம்?

வேதாகமத்தில் பிள்ளைகளையும் சுகத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் 7 நாள் இரவும் பகலும் பேசாமல் கூட இருந்தார்கள். காரணம் சொல்ல வாய் திறந்த பிறகே பிழையாகிப் போனது. எனவே இருவராகப் போங்கள். அரை மணித்தியாலம் போதும். கூட்டமாகப் போனால் வீட்டுக்காரர் தேநீர் போட்டே களைத்துவிடுவார்.

தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாவைக் கேட்டபோது தூதன் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டீர்களா, நித்திரை வருகிறதா, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போக ஆள் இருக்கா என்று கேட்பதும் இறைபணிதான்.

வருத்தக்காரர் விடயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குணமளிக்கும் கூட்டத்துக்குப் போய்வந்து குளிசையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மனநோய்க் குளிசைகளை நிறுத்தினால் பலருக்கு உடனே ஒன்றும் தெரியாது. கிழமைகள், சிலவேளை மாதங்கள் கழித்தே வருத்தம் திரும்பும். இடைப்பட்ட நாட்களைச் சுகம் என்று சாட்சி சொல்லிவிடுகிறார்கள். வருத்தம் திரும்பியதும் 'விசுவாசம் போதாது' என்ற பழியும் அவர் தலையிலேயே விழுகிறது. இன்சுலின் ஊசியிலேயே தங்கியிருக்கும் சலரோகக்காரருக்கு அந்த அவகாசமும் இல்லை, சில நாட்களிலேயே உயிராபத்து. 1847இல் இலங்கைக்கு வந்த மிஷன் வைத்தியர் சமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். ஜெபமும் மருந்தும் பகையென்று நினைக்க இந்த மண்ணில் இடமில்லை. ஜெபம் முடிந்ததும் கிளினிக் திகதியைக் கேளுங்கள். தேவையென்றால் கூடப் போங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். அவர்கள் கேட்காமல், இறந்தோருக்கான மன்றாட்டைச் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை வருவான் என்று உறுதி கொடுக்கவும் எங்களுக்கு அதிகாரமில்லை. பெயரைச் சொல்லி, "ஆண்டவரே, அவர் எங்கே என்பதை நீர் அறிவீர்" என்று ஜெபித்தால் போதும்.

நுண்கடனில் மாட்டியவர்களின் சங்கதி ஜெபக்கூட்டத்தில் விண்ணப்பமாக வாசிக்கப்பட்டு, மறுநாள் ஒழுங்கை முழுக்கப் பரவுவதும் நடக்கிறது. அதன்பிறகு அந்தப் பெண் கோவில் பக்கமே வரமாட்டாள். கடன் விவரத்தை அவரோடு இருந்து ஒரு தாளில் எழுதுங்கள்: யாரிடம், முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கிழமைக் கட்டுக்காசு எவ்வளவு. ஒன்றைக் கட்ட இன்னொன்றை எடுப்பதை நிறுத்துவதே முதல் வேலை. அந்தத் தாள் அவரிடமே இருக்கட்டும்.

"இனி இருந்து என்ன பலன்" என்று ஒருவர் சொன்னால், சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. தனியே விடாதீர்கள். தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிநாசினியை வீட்டிலிருந்து அகற்றுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். பாவம் என்று பயமுறுத்தினால் அவர் அடுத்தமுறை வாயே திறக்கமாட்டார்.

31ஆம் நாள் நினைவுத் திருப்பலியோடு வருகிறவர்கள் நின்றுவிடுகிறார்கள். தனிமை அதற்குப் பிறகுதான் கனக்கிறது. ஒவ்வொரு பங்குச் சபையும், திருச்சபைக் குழுவும் ஒரு கொப்பியில் மூன்றாம் மாதம், முதல் நத்தார், இறந்தவரின் பிறந்தநாள், ஆண்டுத் திவசம் ஆகிய நான்கு திகதிகளையும் எழுதி, அன்றன்று யார் அந்த வீட்டுக்குப் போவது என்பதையும் இப்போதே குறித்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இல்லச் சந்திப்புப் பணியில் உள்ள கத்தோலிக்க, தென்னிந்தியத் திருச்சபைப் பொதுநிலையினர்,
யாழ்ப்பாணம்.