முட்டில அடிபட்டா எத தடவறது?

நம்ம கடைக்கு வர்ற அண்ணன், அக்கா, பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம்.

மழை புடிச்சதுல இருந்து அனோரட்டா ரோட்டு பிளாட்பாரத்துல வழுக்கி விழுந்தவங்க, சின்லோன்னு கால்ல தட்டுற பிரம்பு பந்தாட்டம் ஆடி முட்டிய திருகிக்கிட்ட பசங்கன்னு தினம் யாராவது நொண்டிக்கிட்டே வந்து புலித்தைலம்தான் கேக்குறாங்க. அது மேல எங்களுக்கும் பாசம் உண்டு, இதே ரங்கூன்ல மருந்துக்கடை வச்சிருந்த ஓ சூ கின் குடும்பத்து தைலம்தானே, 1926லதான் சிங்கப்பூருக்கு போச்சு. ஆனா புதுசா வீங்கின முட்டில அத போட்டு அழுத்தி தேய்க்காதீங்க. கற்பூரமும் மெந்தாலும் வலிய கொஞ்ச நேரம் மறக்க வைக்கும், அவ்ளோதான், வீக்கத்த இறக்காது. மருந்து விக்கிற நானே போன வருஷம் கடைப்படில விழுந்து, தைலம் தேய்ச்சு சுடுதண்ணி ஒத்தடமும் குடுத்து, காலைல பாத்தா முட்டி தேங்கா மாதிரி நிக்குது!

மொத ரெண்டு நாள் ஐஸ துணில சுத்தி 15, 20 நிமிஷம் வைங்க, காலுக்கு ரெஸ்ட் குடுங்க. தடவறதுக்கு டைக்ளோஃபினாக் ஜெல், சுளுக்கு மாதிரி புது அடிக்கு ஆராய்ச்சில நல்லா நின்ன மருந்து இதுதான், மாத்திரைய விட ரத்தத்துல ரொம்ப கம்மியா சேரும் அதனால வயித்துக்கும் தொந்தரவு குறைவு, மெதுவா தடவுனா போதும், காயம் இருந்தா அது மேல வேணாம். கர்ப்பமா இருக்கவங்க, கிட்னி கோளாறு உள்ளவங்க டாக்டர கேட்டுட்டு வாங்க. கீட்டோபுரோஃபென் ஜெல்லும் நல்லா கேக்கும், ஆனா தடவின எடத்துல வெயில் பட்டா தோல் செவந்து கொப்பளிக்கலாம், நிறுத்தி ரெண்டு வாரம் வரைக்கும் மூடியே வைக்கணும், கைலிய மடிச்சு கட்டிட்டு சுத்தறவங்களுக்கு நாங்க அத எடுத்து குடுக்கறதில்ல.

சுருசுருன்னு சூடேத்துற மெத்தில் சாலிசிலேட் கிரீம் வீக்கம் வத்தினப்புறம் பாத்துக்கலாம். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடறவங்க, ஆஸ்பிரின் ஒத்துக்காதவங்க அத தொடவே வேணாம். போட்டுட்டு மேல ஹீட் பேக் வைக்கறதும் தப்பு, தோல் வெந்துரும். மிளகாச் சத்து கேப்சைசின் கிரீம் பழைய தேய்மான வலிக்கு, வாரக்கணக்குல விடாம போடணும், கை கழுவாம கண்ண கசக்கிட்டீங்கன்னா அப்புறம் எங்கள திட்டாதீங்க.

விழுந்தப்புறம் நாலு அடி வைக்க முடியல, முட்டிய 90 டிகிரிக்கு மடக்க முடியல, இல்ல 55 வயசோ அதுக்கு மேலயோ ஆனவங்கன்னா ஜெல் அப்புறம் வாங்கிக்கலாம், மொதல்ல எக்ஸ்ரே எடுங்க.

இனிமே பில் போடறதுக்கு முன்னாடி எப்ப விழுந்தீங்க, வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு பையன் கேப்பான், கோச்சுக்காம சொல்லுங்க.