ஹெரால்டு வாங்கிய மகளுக்கு

தண்டையார்பேட்டை

அன்பு பாப்பாவுக்கு,

நைனா எழுதுகிறேன். நீ வாங்கிய பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் தண்ணி ஒழுகுகிறது என்று நீ அனுப்பிய வீடியோவை அம்மா போனில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பம்புக்கே பேர்போன கோயம்புத்தூரில் இருந்துகொண்டு எஞ்சினைக் குளிர்விக்கிற வாட்டர் பம்புக்கு என்னைக் கேட்கிறாளே என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான், அது வேற விஷயம். போனில் சொன்னால் பாதியிலேயே மீட்டிங் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுத்து.

முதல் வேலையாக அங்கே அப்பியிருக்கிற எம்-சீல் பசையைச் சுரண்டி எடு. பம்புக்கு அடியில் இருக்கிற சின்ன ஓட்டையை அடைத்தவன் யாராக இருந்தாலும் இனிமேல் அவன் கையில் வண்டியைக் கொடுக்காதே. அது உடைந்துபோன ஓட்டை இல்லை, வேண்டுமென்றே வைத்தது. பம்புக்குள் ஒரு சாஃப்டு ஓடுகிறது. ஒரு முனையில் தண்ணியைத் தள்ளுகிற இம்பெல்லர், மறுமுனையில் புல்லியும் ஃபேனும், நடுவில் பேரிங். தண்ணி பேரிங் பக்கம் வராமல் ஒரு சீல் தடுக்கிறது. அதன் கார்பன் முகத்தை ஒரு ஸ்பிரிங் எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருக்கும். கார்பன் தேய்ந்து தண்ணி கசிந்தால், அது பேரிங்குக்குப் போகாமல் கீழே விழுந்துவிடத்தான் அந்த ஓட்டை. அதை அடைத்தால் தண்ணிக்கு வேறு வழியில்லை, பேரிங்குக்குள் நுழைந்து கிரீஸைக் கழுவிவிடும். அப்புறம் பேரிங் பிய்ந்து, ஃபேன் முன்னால் போய் ரேடியேட்டரைக் கிழிக்கும். சீலோடு போகவேண்டிய செலவு எங்கே போய் நிற்கும் பார்.

ஆனால் வீடியோவில் தெரிகிற தண்ணி பம்பிலிருந்துதான் வருகிறது என்று நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பம்புக்கு மேலே தெர்மோஸ்டாட் மூடி இருக்கிறது, மேல் ஹோஸ் இருக்கிறது. அங்கே கசிந்தாலும் தண்ணி பம்பு மேல்தான் வழியும், ஃபேன் காற்று அதை வாரி நாலு பக்கமும் அடிக்கும். பார்க்கிறவன் பம்பு போச்சு என்பான். என் ஷெட்டுக்குப் பம்பை மாற்றச் சொல்லி வந்த வண்டிகளில் பலதுக்கு ஒரு ஹோஸ் கிளிப்பை முறுக்கி அனுப்பியிருக்கிறேன்.

ஹெரால்டில் உனக்கு ஒரு வசதி. பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாக அப்படியே கவிழ்ந்துவிடும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். அம்பாசடரில் குனிந்து குனிந்து என் முதுகு போனது உனக்குத் தெரியும். எஞ்சின் முழுசாக ஆறினதும் அந்த இடத்தையெல்லாம் துணியால் துடைத்துக் காய விடு. சாக்பீஸ் தூளை மெல்லிசாகத் தூவு. வண்டியை ஸ்டார்ட் செய்து சூடேற விட்டு, ஃபேனுக்குக் கை கொடுக்காமல் டார்ச் அடித்துப் பார். தூளில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு. அந்த ஓட்டையிலிருந்து சொட்டினால் சீல். பம்பு உட்காருகிற விளிம்பில் ஈரம் கட்டினால் நடுவில் வைக்கிற அட்டை, கேஸ்கெட்டு.

எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, ஃபேன் இறக்கையை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார். லொடலொடவென்று ஆட்டம் இருந்தால் பேரிங்கும் போயிருக்கிறது. அப்படிப் போயிருந்தால் பெல்ட்டையும் பார். வீணைக் கம்பி மாதிரி இழுத்துக் கட்டுவது நம்ம ஊர் மெக்கானிக்குகளின் பழைய வியாதி, அதுவே பேரிங்கைக் கெடுக்கும். புல்லிகளுக்கு நடுவே நீளமான பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை முதல் முக்கால் அங்குலம் இறங்கவேண்டும்.

ரேடியேட்டர் மூடியையும் கழற்றி அதில் எத்தனை பவுண்டு அழுத்தம் என்று எழுதியிருக்கிறது பார். சூட்டில் கை வைக்காதே. அந்தக் காலத்து இங்கிலீஷ் டிசைன் வண்டிகளுக்கு 4 பவுண்டு, 7 பவுண்டு மூடிகள்தான் பெரும்பாலும். புதுக் காருக்கான 13, 15 பவுண்டு மூடியைப் போட்டிருந்தால் பழைய சீலும் ஹோஸும் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

எல்லாம் பார்த்து, பம்புதான் என்று தெரிந்தால், அவசரப்பட்டுப் புதுசு வாங்காதே. நம்ம வண்டலூரில் செய்த வண்டி அது. அதோடு வந்த பம்பு உடம்பில் விரிசல் இல்லாவிட்டால் அதையே சரிபண்ணலாம். ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை இல்லாத தெரு எது? வயசான டர்னர் ஒருவரைப் பிடி. பிரிக்கும் முன்னே புல்லி ஹப் எவ்வளவு வெளியே நிற்கிறது, இம்பெல்லர் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று வெர்னியரில் அளந்து எழுதி வை. திரும்பப் பூட்டும்போது அந்த அளவு பிசகினால், இம்பெல்லர் உடம்பில் உரசும், இல்லாவிட்டால் தண்ணியைச் சரியாகத் தள்ளாது, பெல்ட்டும் கோணலாக ஓடும். சுத்தியலால் அடித்துக் கழற்ற விடாதே, புல்லரும் பிரஸ்ஸும்தான். முக்கியமாக, கார்பன் உட்காருகிற முகத்தைப் பார்க்கச் சொல். அதில் நகம் தட்டுகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் புது சீல் போட்டாலும் ஒழுகும். லேத்தில் ஒரு மெல்லிய கட் எடுத்து வழவழப்பாக்கணும். சீல் கிடைக்கவில்லையென்றால் மோட்டாரும் பம்பும் ஒன்றாக வருகிற உங்கள் ஊர் மோனோபிளாக் பம்புகளிலும் இதே ஜாதி கார்பன் சீல்தான், அளவு பொருந்துகிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

உன் தாத்தா காலத்துக் கார்களில் இந்த சீலே கிடையாது. 1927 கடைசியில் வந்த ஃபோர்டு மாடல் ஏ மாதிரி வண்டிகளில் சாஃப்டைச் சுற்றி கிராஃபைட் தடவின கயிறு, அதை அழுத்த ஒரு நட்டு. ஒழுகினால் தாத்தா நட்டைக் கொஞ்சம் திருகுவார், ரொம்ப முறுக்கினால் சாஃப்டையே அரித்துவிடும் என்பார். காசிமேட்டு போட்டுகளில் ப்ரொப்பெல்லர் சாஃப்டு வெளியே போகிற இடத்துக்கு இப்பவும் அந்த மாதிரிக் கயிறு சுற்றுகிறார்கள். அதற்கும் முந்தின மாடல் டி-யில், ரொம்ப ஆரம்பத்தில் வந்த கொஞ்ச வண்டிகளைத் தவிர, பம்பே இல்லை, சூடான தண்ணி தானாக மேலேறி ஓடும்.

ஒன்று சொல்ல மறந்தேன், தண்ணி. இங்கே நம்ம போர் தண்ணியை ஊற்றிய வண்டிகளின் ரேடியேட்டரைத் திறந்தால் உப்புப் பொருக்கு கட்டிக் கிடக்கும். அந்தப் பொருக்கு உதிர்ந்து சீலில் மாட்டினால் கார்பனை ராவிவிடும். 2010ல் காட்டுப்பள்ளியில் கடல் தண்ணியைக் குடிநீராக்குகிற ஆலை வந்தும் போர் தண்ணி மாறவில்லை. உனக்குச் சிறுவாணி வருகிறது, கொடுத்து வைத்தவள். ஆனாலும் பாட்டரி தண்ணியில் கூலன்ட்டைக் கலந்து ஊற்று.

அந்த விண்டேஜ் பதிவு விஷயம் கேட்டாய். 2021ல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டிக்கு விஏ எழுத்துப் போட்ட நம்பர் தருகிறார்கள், கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அதை வாங்கினால் தினமும் ரோட்டில் ஓட்டக்கூடாது. ஆபீசுக்கு அதிலேதான் போவேன் என்கிறாய், அதனால் யோசித்துச் செய்.

பம்பைக் கழற்றினதும் கார்பன் முகத்தை மட்டும் வெளிச்சத்தில் வைத்துத் தெளிவாகப் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன். லேத்துக்காரர் காசு கூடக் கேட்டால் போனை என்னிடம் கொடு. அம்மா வஞ்சிரக் கருவாடு காயப்போட்டிருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறோம்.

இப்படிக்கு,
உன் நைனா